மாடிஃபை செய்த காரின் ஏரோடைனமிக்ஸ்: வேலூரில் இருந்தபடியே சோதித்துச் சரிசெய்வது எப்படி

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை எந்த ஆக்சஸரிஸ் கடையில் நின்றாலும் விங் (டிக்கிக்கு மேலே நிற்கும் இறக்கை), ஸ்பிளிட்டர் (முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை), டிஃப்யூஸர் (பின் பம்பருக்கு அடியில் மேல்நோக்கிச் சரியும் தகடு) என்று ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். வாங்கி மாட்டிவிட்டு "இப்போ வண்டி ரோட்டைப் பிடிக்குது" என்பார்கள். எத்தனை கிலோ பிடிக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அந்த எண்ணை வீட்டுச் சாமான்களை வைத்தே எடுக்கலாம். வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். புதிதாக இறங்குகிறவர்கள் அநேகமாக வரிசையில்தான் தவறுகிறார்கள்: முதலில் ஒட்டிவிட்டு, பிறகு அளக்கப் பார்க்கிறார்கள்.

என்ஜின், சஸ்பென்ஷன், பிரேக் வேலைகளை முடித்து, கார் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கானது இது. டயர் தேய்ந்த காருக்கு ஏரோ வேண்டாம், டயர் வாங்குங்கள்.

1. எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 100 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் 16 சதவீதம்தான் 40 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவதற்காக விங் வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. டிராக்குக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்த வேலையில் பலன்.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை வீட்டு வாசலில் இருக்கிறது என்பதற்காக அதைச் சோதனைச் சாலையாக்காதீர்கள். பொதுச் சாலையில் வேகச் சோதனை செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு தடுக்கிறது. ஆர்.சி.யில் உள்ள அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை விடுங்கள், சோதனைக்காக லாரிக்கு நடுவே நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவது உயிருக்கே ஆபத்து.

வேகச் சோதனைகளுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் அதே நெடுஞ்சாலையில் வந்துவிடும். காரில் நூல் ஒட்டிக் காற்றின் போக்கைப் பார்க்கிற நூல் சோதனை மாதிரி மெதுவான வேலைகளுக்கு, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத தனியார் சாலை ஒன்று போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

உல்லன் நூல், மாஸ்கிங் டேப், ஸ்பிரிட், துணி. மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய காற்றுக் குழாய் சில மீட்டர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான டியூப் ஒரு மீட்டர். ஒரு மரப்பலகை, அதில் ஒட்ட ஒரு ஸ்கேல்.

தற்காலிகமாகச் செய்து பார்க்க போர்டு எழுதுகிற கடையில் கிடைக்கும் சன்பேக் ஷீட் (உள்ளே குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) நல்லது. கத்தியால் வெட்டலாம், விலையும் குறைவு. ரேடியேட்டரைச் சுற்றி அடைக்க இவிஏ ஷீட் (செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஃபோம்) வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ வேலை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் எல்லாப் பருமனிலும் கிடைக்கும். அதை ஒட்டும் பசையும் அங்கேயே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம்.

வேகத்தை நொடிக்கு 10 முறை பதியும் ஜி.பி.எஸ். லாகர் ஒன்றும் தேவை. போனில் இருப்பது பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் பதியும், அது பத்தாது. இவற்றோடு, பொறுமையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்ணைக் குறிக்க ஒரு ஆள். ஓட்டுகிறவரே அளவையும் பார்ப்பது கூடவே கூடாது.

3. காரை ஒரே நிலையில் வையுங்கள்

நீங்கள் தேடும் வித்தியாசம் சிறியது. மற்ற மாற்றங்கள் அதை எளிதாக விழுங்கிவிடும்.

டயர் காற்றை ஓடிச் சூடான பிறகு பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அதே எரிபொருள் அளவு, அதே ஆட்கள். கண்ணாடிகள் மூடியிருக்கட்டும், ஏ.சி. ஒரே நிலையில் இருக்கட்டும். ஒரு பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கினால்கூட பின்பக்கக் காற்றோட்டம் மாறிவிடும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். நம்மூரில் காலை 25 டிகிரியில் இருக்கும் காற்றின் அடர்த்தி, மதியம் 40 டிகிரியில் சுமார் 5 சதவீதம் குறைந்துவிடும். காலையில் பழைய நிலையை அளந்து மதியம் புதிய பாகத்தை அளந்தால், எதுவுமே மாட்டாமல் காற்றுத் தடை 5 சதவீதம் குறைந்ததாகத் தெரியும். அதனால் பழையது, புதியது, மறுபடி பழையது என்று அடுத்தடுத்து ஓட்டுங்கள். கடைசியில் எடுத்த பழைய அளவு முதலில் எடுத்ததோடு ஒத்துவரவில்லை என்றால் நடுவில் எடுத்ததைக் கிழித்துப் போடுங்கள்.

காற்று அடிக்காத நேரம் அதிகாலை. 100 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 10 கி.மீ. காற்று அடித்தால் காற்றுத் தடை 21 சதவீதம் கூடிவிடும். டிராக்கை வாடகைக்கு எடுக்கும்போது முதல் மணி நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

4. நூல் ஒட்டிப் பாருங்கள்

காற்று எங்கே உடம்போடு ஒட்டிப் போகிறது, எங்கே பிரிகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

மெழுகு, பாலிஷ் போக ஸ்பிரிட்டால் துடையுங்கள். இல்லையென்றால் டேப் நிற்காது. நூலை ஏழெட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு நுனியை மட்டும் ஒட்டுங்கள். துண்டுகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டர் விட்டால் ஒன்றோடொன்று சிக்காது. தையல் நூலை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு நகராது.

கூரையின் பின்பாதி, பின் கண்ணாடி, டிக்கி மூடி, பின் தூணின் பக்கவாட்டு, பானட், முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஃபெண்டர் ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். விங் ஏற்கெனவே இருந்தால் அதன் மேலே ஒட்டுவதைவிட அடியில் ஒட்டுவது அவசியம். 60, 70 கி.மீ. வேகமே இதற்குத் தாராளம். பக்கத்தில் இன்னொரு காரில் ஒருவர் உள்ளே உட்கார்ந்தபடியே படம் எடுக்கட்டும். ஜன்னலில் உட்கார்ந்து எடுக்க வேண்டாம்.

நூல் பின்னோக்கி நேராகப் படுத்திருந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. துடித்தால், சுழன்றால், முன்னோக்கித் திரும்பினால் அங்கே பிரிந்துவிட்டது. காரின் போட்டோவை அச்செடுத்து, பிரிந்த இடங்களைப் பேனாவால் குறித்து வையுங்கள். இதற்குப் பிறகு எடுக்கும் எல்லா முடிவுக்கும் இந்தப் படம்தான் ஆதாரம்.

கூரையில் சுறாப்பல் மாதிரி வரிசையாக ஒட்டும் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள் இங்கேயே அடிபட்டுப் போகும். பின் கண்ணாடியில் நூல் நேராகவே கிடக்கிறது என்றால் அவற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

5. அழுத்தத்தை அளங்கள்

நூல் திசையைக் காட்டும், பலத்தைக் காட்டாது. பலத்துக்கு மானோமீட்டர், அதாவது தண்ணீர் மட்டத்தை வைத்து அழுத்தத்தை அளக்கும் குழாய், வேண்டும்.

மட்ட டியூபை 'ப' வடிவத்தில் பலகையில் வளைத்துக் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். ஒரு சொட்டு ஷாம்பு விட்டால் தண்ணீர் டியூபில் ஒட்டாமல் சீராக இறங்கும். இரண்டு கால்களும் காரின் இடம் வலமாக இருக்கும்படி பலகையை நிறுத்துங்கள். முன் பின்னாக வைத்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் ஏறி இறங்கி ஏமாற்றும். ஏ.சி. டக்ட், கிளீன்ரூம் வேலை செய்பவர்களிடம் மேக்னஹெலிக் கேஜ் (அழுத்த வித்தியாசத்தை முள்ளால் காட்டும் மீட்டர்) இரவல் கிடைத்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

100 கி.மீ. வேகத்தில் காற்று நேராக மோதினால் வரும் முழு அழுத்தம் நம்மூர் வெயிலில் சுமார் 430 பாஸ்கல். தண்ணீரில் 44 மில்லிமீட்டர். 80 கி.மீ. என்றால் 28 மில்லிமீட்டர். இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டு குழாய்களையும் காரின் இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோங்கள். ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும், அல்லது பானட்டின் மேலும் கீழும். ஒரு காலை மூடிய பாட்டிலோடு இணைத்து அதையே அடிப்படையாக வைக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். மூடிய பாட்டிலின் காற்று ஒரு டிகிரி சூடேறினாலே 300 பாஸ்கலுக்கு மேல் மாறும். வேலூரில் அது நடக்காத காரியம். இரண்டு இடங்களுக்கு இடையேயான வித்தியாசத்தை அளப்பதுதான் பிசகாத வழி.

பானட்டின் மேல் அளக்கும்போது குழாயின் திறந்த வாயைக் காற்றுக்கு எதிரே காட்டாதீர்கள். நுனியை அடைத்து, பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு, குழாயைக் காற்றின் திசையிலேயே படுக்கவைத்து டேப்பால் வழுவழுப்பாக மூடுங்கள். வாயைத் திறந்து வைத்தால் மேற்பரப்பின் அழுத்தத்துக்குப் பதிலாக மோதும் காற்றைத்தான் அளப்பீர்கள்.

பானட்டில் பல இடங்களில் இப்படி அளந்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். முன் விளிம்பைத் தாண்டிய பகுதியில் அழுத்தம் குறைவு, முன் கண்ணாடியின் அடிவாரத்தில் அதிகம். பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு வெளியேறும் என்று செய்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். வேகமாகப் போகும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளேதான் போகும்.

6. ஆரம்பக் காற்றுத் தடை அளவை எடுத்து வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். பாகங்களை மாட்டிய பிறகு பழைய எண் கிடைக்காது.

டிராக்கின் நேர்ப்பகுதியில் 110-க்கு மேல் ஏறி, நியூட்ரலில் போட்டு, 110-லிருந்து 90-க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று லாகரில் பாருங்கள். ஆளோடு 1100 கிலோ எடையுள்ள ஒரு செடானுக்குக் கணக்குப் போட்டால் காற்றுத் தடை சுமார் 300 நியூட்டன், டயர் உருளும் தடை சுமார் 140. இறங்க ஏறக்குறைய 14 நொடி, தூரம் 400 மீட்டருக்குப் பக்கம். அவ்வளவு நேர்ப்பகுதி கிடைக்காவிட்டால் 110-100 ஒரு ஓட்டம், 100-90 இன்னொரு ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காற்றுத் தடையை 10 சதவீதம் குறைத்தால் இந்த 14 நொடி ஒரே ஒரு நொடிதான் கூடும். அரை சதவீதச் சரிவு மட்டும் 54 நியூட்டன், அதாவது நீங்கள் தேடும் 30 நியூட்டனைவிட அதிகம். எனவே ஒவ்வொரு முறையும் அதே அடையாளத்திலிருந்து கோஸ்ட் செய்ய, அதாவது நியூட்ரலில் உருள விட, தொடங்குங்கள். டிராக்கில் எதிர்த்திசையில் ஓட்ட விடமாட்டார்கள். பரவாயில்லை, பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் ஒரே சரிவுதான், ஒப்பிடும்போது கழிந்துவிடும். காற்று மட்டும் கழியாது.

ஐந்து ஓட்டங்களாவது எடுத்து, அவற்றுக்குள்ளேயே எவ்வளவு சிதறல் என்று பாருங்கள். ஒரு நொடி சிதறல் இருந்தால் அந்தக் காலை நேரத்தில் 10 சதவீத மாற்றத்தைக்கூட உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

7. ரேடியேட்டரிலிருந்து தொடங்குங்கள்

விங்கில் தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. என் கருத்தில் நம்மூர் காருக்கு முதல் லாபம் ரேடியேட்டர் வழியில்தான்: காற்றுத் தடை குறையும், சூடும் குறையும்.

பம்பரைக் கழற்றிப் பாருங்கள். கிரில் வழியாக நுழையும் காற்று ரேடியேட்டரைத் துளைத்துத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இருக்காது. சுற்றிலும் இடுக்குகள். காற்று சுலபமான வழியைப் பார்த்து ஓடி, என்ஜின் அறையில் சுற்றி, காருக்கு அடியில் போய் விழுகிறது. அந்த இடுக்குகளை இவிஏ ஷீட்டால் அடையுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இவிஏ வேண்டாம், சூட்டில் தொய்ந்துவிடும். அங்கே அலுமினியத் தகடுதான்.

அடைத்த பிறகு ரேடியேட்டரின் முன்பின் அழுத்த வித்தியாசத்தை மறுபடி அளங்கள். கூடியிருந்தால் கிரில்லின் ஒரு பகுதியை டேப்பால் மூடலாம். கொஞ்சம் மூடி, கூலன்ட் வெப்பத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம். கடைசிச் சோதனை மே மாத மதியத்தில், ஏ.சி. போட்டு, நெரிசலில் நின்று பார்ப்பது. டிசம்பர் காலையில் சரியாக இருந்த டேப் மே மாதம் ஹெட் கேஸ்கெட்டைக் காவு வாங்கும்.

பானட்டில் வென்ட் வெட்டுவதானால் ஐந்தாம் படியில் அழுத்தம் குறைவாகக் கண்ட இடத்தில்தான் வெட்ட வேண்டும். அதற்கு முன் பானட்டை வெட்டிவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

8. அடிப்பக்கம்

முன் பம்பரிலிருந்து என்ஜினின் பின்புறம் வரை சமதளத் தகடு போட்டாலே பெரிய மாற்றம் தெரியும். சன்பேக் ஷீட்டில் அச்சு வெட்டிப் பார்த்து, பிறகு அலுமினியத்தில் செய்யுங்கள்.

ஏ.சி.பி. ஷீட்டை (இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம் ஒட்டிய பலகை) போட்டுவிடலாம் என்று போர்டு கடைக்காரர் சொல்வார். அதன் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் உருகும், எரியவும் செய்யும். ஆயில் மாற்ற ஒரு மூடித் துளையும், தண்ணீர் வடிய சிறு துளைகளும் விடுங்கள். உள்ளே கசிந்த ஆயில் தேங்கினால் அது தனி ஆபத்து.

9. பின்பக்கத்தை முதலில், முன்பக்கத்தைப் பிறகு

முன்னால் பிடிமானம் கூடி, பின்னால் கூடாவிட்டால் வேகமான வளைவில் வால் வெளியே வீசும். முன்பக்கம் நழுவினால் ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், வால் வீசினால் பெரும்பாலானவர்களால் முடியாது. ஆகவே பின்னால் விங்கை நிறுத்திய பிறகே முன்னால் ஸ்பிளிட்டர்.

விங்கின் வேலை அடிப்புறத்தில் நடக்கிறது. அடியில் ஒட்டிய நூல் நேராக இருக்கும்வரை கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நூல் துடிக்கத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள். அதற்கு மேல் கோணம் கூட்டினால் காற்றுத் தடை மட்டும் ஏறும். செடானில் கூரைக்குக் கீழே மறைந்திருக்கும் விங்குக்குக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். உயர்த்த முடியாவிட்டால் டிக்கி விளிம்பில் சிறிய ஸ்பாய்லர் போதும்.

எத்தனை கிலோ அழுத்துகிறது என்று பார்க்க, சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதை அளக்க வேண்டும். சஸ்பென்ஷன் ஆர்மோடு ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (திருப்பத்துக்கேற்ப மின் அளவு மாறும் சென்சார்) இணைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டில் பதியலாம். காட்பாடி பக்கம் என்ஜினியரிங் படிக்கும் பசங்களுக்கு இது ஒரு மாலை வேலை. ஸ்பிரிங் கணக்கெல்லாம் வேண்டாம். கார் நிற்கும்போது 25 கிலோ அரிசி மூட்டையைப் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்து அளவைக் குறியுங்கள், பிறகு இரண்டு மூட்டை. அதுவே உங்கள் தராசு. 40 கி.மீ. வேகத்திலும் 100 கி.மீ. வேகத்திலும் ஒரே நேர்ப்பகுதியில் சீராக ஓட்டி, சராசரிகளை ஒப்பிடுங்கள். ஒற்றை நொடி அளவை நம்பாதீர்கள், டாம்ப்பரின் (ஷாக் அப்சார்பர்) உராய்வு அதைக் குழப்பும்.

இதையே முன் ஆக்ஸிலிலும் செய்யுங்கள், அங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. விங் பின் ஆக்ஸிலுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால், வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையேயான தூரம்) 2.5 மீட்டர் என்றால், விங் 50 கிலோ அழுத்தும்போது பின் சக்கரங்களில் 66 கிலோ ஏறும், முன் சக்கரங்களில் 16 கிலோ இறங்கும். முன் சக்கர டிரைவ் காரில் இதை உடனே உணரலாம்.

அந்த 16 கிலோவை ஈடுகட்டும் அளவுக்கு ஸ்பிளிட்டர் போதும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதுமானது. பம்பரில் தொங்கவிடாமல் சேஸிஸில் பிடியுங்கள், பிளாஸ்டிக் பம்பர் வேகத்தில் வளைந்துகொடுக்கும். மாட்டிய பிறகு ஒரு ஆள் கவனமாக அதன் மேல் ஏறி நிற்க முடிய வேண்டும். விளிம்பைக் கொஞ்சம் வெட்டினால் முன்பக்க அழுத்தம் குறையும் என்பதால் முதலில் நீளமாகவே செய்து, அளந்து அளந்து குறையுங்கள்.

10. டிராக்கில் முடிவு செய்வது

ஆறாம் படியின் கோஸ்ட் சோதனையைப் புதிய நிலையில் திரும்பச் செய்யுங்கள். டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) கூடியிருந்தால் காற்றுத் தடையும் கொஞ்சம் கூடியிருக்கும். அதைத் தாங்கலாமா என்பதை லாப் நேரத்தைவிட, வேகமான வளைவின் குறைந்தபட்ச வேகமும் நேர்ப்பகுதி முடிவில் வரும் வேகமும் தெளிவாகச் சொல்லும். லாப் நேரத்தில் ஓட்டுகிறவரின் மனநிலையும் கலந்திருக்கும்.

ஒரே நாளில் இரண்டு பாகத்தை மாற்றாதீர்கள். மாற்றியே தீருவேன் என்பவர்கள் ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு விங், ஸ்பிளிட்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டால், நட்டு தளர்ந்தது தூரத்திலிருந்தே தெரியும். ஸ்பிளிட்டரை டிராக்கிலேயே கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதோடு ஊர் திரும்பினால் சர்வீஸ் ரோட்டின் முதல் வேகத்தடையே அதைக் கழற்றிவிடும்.